நோன்பு பிடித்த தக்காளிச் செடிகள்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, நோன்பு பத்து. விடியுமுன் சஹருக்குச் சோறும் முந்தின நாள் தால்சாக் குழம்பும் சாப்பிட்டேன். பால்கனியில் இருக்கும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். சுபுஹு தொழுதுவிட்டு, ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் கீழே தோழியின் காருக்காகக் காத்திருந்து, பாலம் தாண்டி பத்து காவான் என்கிற ஊரில் உள்ள தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனேன். மாலையில் திரும்பி, பேரீச்சம்பழத்தைத் தட்டில் எடுத்து வைத்து, நோன்பு திறக்கப் பாங்கு சொல்வதற்குள் இரண்டு தக்காளி பறித்துவிடலாம் என்று பால்கனிக்குப் போனேன். பச்சை மாறி மஞ்சளேறத் தொடங்கியிருந்த ஒரு காயை அடியில் தாங்கிப் பிடித்தபோது என் கட்டைவிரல் உள்ளே அமிழ்ந்தது. குளிர்ந்த, வழவழப்பான ஈரம். நாள்பட்ட கஞ்சிப் பாத்திரத்தைத் திறந்தாற்போல் ஒரு புளித்த வாடை. காயைத் திருப்பினேன். மேலே கண்ணாடி போல மினுங்கிய அதே காயின் அடிப்பக்கம், செருப்புத் தோலைப் போலக் கறுத்துச் சுருங்கி, நடுவில் குழிந்திருந்தது. மற்ற காய்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன.

பாங்கு சொல்லி முடிந்தும் வாயில் ஒரு மிடறு தண்ணீர் விடாமல் அங்கேயே நின்றிருந்தேன். அந்த வாடையை நான் இதற்கு முன் ஒரு நோன்பு மாதத்தில் நாள்தோறும் முகர்ந்திருக்கிறேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

நாங்கள் அப்போது ஜார்ஜ்டவுனில், கீழே துணிக்கடையும் மேலே குடித்தனமுமாக இருந்த ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தோம். படியேறி வந்தால் ஒரு நீண்ட அறை, அதைத் தாண்டிச் சமையலிடம், அதற்கும் பின்னால், மூன்று பக்கமும் அடுத்த கட்டடங்களின் சுவர்கள் சூழ, நாலு பாய் விரிக்கிற அளவில் ஒரு மொட்டைமாடி. அதற்கு அம்மா வைத்த பெயர் "காயப்போடுற எடம்". காலையில் அங்கே வெயில் எட்டிப் பார்க்காது. உச்சிப்பொழுதில் விழுந்தால் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

அத்தா, என் தகப்பனார், இரண்டு தெரு தள்ளியிருந்த நாசி கண்டார் சோற்றுக் கடையில் தலைமைச் சமையல்காரர். அந்தக் கடையின் மீன்தலைக் கறி அவருடைய வலது கையில்தான் இருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். சொன்னவர்கள் யாரும் அதை வெறும் பேச்சாகச் சொல்லவில்லை. ஆளுயர அடுப்புக்கு முன்னால் நின்று, துடுப்பு மாதிரி நீண்ட அகப்பையை ஒற்றைக் கையால் சுழற்றுவார். அந்த வருடத் தொடக்கத்தில், ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எழப் போனவர், எழ முடியாமல் அப்படியே சரிந்தார். பக்கவாதம். பேச்சு மெதுவாகத் திரும்பியது, கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது, வலது கை மட்டும் வரவில்லை. மடியில் கிடக்கும் அந்தக் கையை, யாரோ விட்டுவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

காதர் மாமா அத்தாவோடு அதே கடையில் தேநீர் கலக்குகிறவர். எங்கள் சொந்தக்காரர் இல்லை, ஆனால் அவர் வராத நாளே இல்லை. ஒருநாள் அவர் கடையில் நசுங்கி ஒதுக்கிய தக்காளியை ஒரு பையில் கொண்டுவந்தார். அம்மா நல்லதைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, அத்தா ஒரு அழுகல் பழத்தை இடது கையால் எடுத்து, சமையலெண்ணெய் வந்த காலித் தகரத்தில் இருந்த மண்ணில் வைத்து அழுத்தினார். அந்தத் தகரத்தில் அம்மா கறிவேப்பிலை வைத்து அது பட்டுப்போயிருந்தது. தக்காளி முளைத்தது. அத்தா நாற்றைப் பிரித்து நாலைந்து தகரங்களில் நட்டார். ஒற்றைக் கையால் குச்சி ஊன்றி, கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டார். உதவிக்குப் போனால் விடமாட்டார்.

"கேமரன் மலைக் குளிர்ல காய்க்கிறத இந்த வேக்காட்டுல காய்க்க வைக்கப் போறீங்களா? அடுத்தது என்னாண்ணே, ஆப்பிளா?" என்று காதர் மாமா கேட்டார்.

"காய்க்கும். காய்ச்ச அன்னிக்கு நான் அடுப்புக்கு வர்றேன். மொதலாளிக்கிட்ட போயி சொல்லு."

காதர் மாமா சிரித்துக்கொண்டே போய், உண்மையிலேயே சொல்லிவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. நோன்புப் பெருநாள் வரைக்கும் பார்ப்பேன், அதற்குமேல் அடுப்பைச் சும்மா வைத்திருக்க முடியாது, வேறு ஆளைக் கொண்டுவந்துவிடுவேன் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அந்தச் செடிகள் எங்கள் வீட்டில் வெறும் செடிகளாக இருக்கவில்லை. மஞ்சள் பூ விட்டதும், பூவுக்கு அடியில் மிளகளவு பச்சை திரண்டதும் எங்களுக்குச் செய்தி. அத்தா பள்ளிவாசலுக்குப் போகக்கூட இறங்காதவர், மொட்டைமாடிக்குத் தினம் நாலு தடவை நடந்தார். ஆஸ்பத்திரியில் கைக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அவர் செய்யவே இல்லை. ஆனால் இலைகளை விலக்கும்போது வலது கையையும் தூக்கித் தகரத்தின் விளிம்பில் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்து அம்மா எனக்குக் கண்ணைக் காட்டுவாள்.

காய்கள் கோலியளவு ஆனபோது நோன்பு வந்தது.

மூன்று வேளை மாத்திரை, நிறையத் தண்ணீர், நோன்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் சஹருக்கு அத்தா எல்லோருக்கும் முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தார். அம்மா சண்டை போட்டாள். அன்று மாலை நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்த காதர் மாமாவும் எடுத்துச் சொன்னார்.

"சீக்காளிக்கு மார்க்கத்திலயே வெலக்கு இருக்குண்ணே. நானா சொல்றேன்?"

"அது சீக்காளிக்கு," என்றார் அத்தா. "நான் சீக்காளியா?"

ஆமாம் என்று சொல்கிறவர், கடையில் அவருடைய இடம் போய்விட்டது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காதர் மாமா கஞ்சித் தூக்கின் மூடியைத் திறந்து, பிறகு தேவையில்லாமல் மறுபடி மூடினார்.

நோன்பு தொடங்கியதும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் நேரமும் மாறியது. அதுவரை அத்தா காலையிலும் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். இப்போது பகல் முழுக்க அவர் தண்ணீரைத் தொடுவதில்லை. இலைகள் மதியத்தில் துவண்டு, காது தொங்கிய ஆட்டுக்குட்டி மாதிரி ஆகிவிடும். நான் குவளையை எடுத்தால், "விடு, நானும் அதுவும் ஒண்ணா நோன்பு தொறப்போம்" என்பார். சொன்னபடியே, மாலையில் மஃரிப் பாங்கு கேட்டதும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். நான் "தோங்" என்கிற வாளி நிறையத் தண்ணீர் பிடித்துப் பின்னால் தூக்கிக்கொண்டு போவேன். முதல் குவளை அவருக்கு. அதற்கடுத்து, தகரம் தளும்பி வழிந்து தரையில் ஓடுகிற வரை செடிகளுக்கு. காய்ந்து பிளந்திருந்த மண் தண்ணீரை உறிஞ்சும்போது சீறுகிற சத்தம் கேட்கும். அத்தா அதைக் கேட்டுத் தலையசைப்பார். எனக்கும் அது பிடித்திருந்தது. அவர் சிரித்த முகத்தை அந்த மாதத்தில் நான் பார்த்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

முதல் வாரம் முடிவதற்குள் காய்களின் அடியில் ஒரு மங்கல் தெரிந்தது. கைபட்ட அழுக்கு என்று நினைத்து அத்தா துடைத்தார். போகவில்லை. மறுநாள் அது பழுப்பானது, அதற்கடுத்து கறுப்பானது, பிறகு குழிந்தது. ஒரு காய், இரண்டு காய் என்று இல்லாமல், எது கொஞ்சம் பருத்து நம்பிக்கை கொடுத்ததோ அதுவே அடியிலிருந்து அழுகியது. அத்தா ஒன்றைப் பறித்துக் கத்தியால் பிளந்து பார்த்தார். புழு இல்லை. இன்னொன்றைப் பிளந்தார். அதிலும் இல்லை. உள்ளே பழுப்புச் சதை, விதைகள், அந்த வாடை.

"புழுன்னா கொல்லலாம். ஒண்ணுமே இல்லாம செத்தா என்னா செய்றது?" என்று அவர் கேட்டது அம்மாவையா, என்னையா, தெரியவில்லை.

அம்மா கண்ணேறு என்று முடிவு செய்தாள். கீழே துணிக்கடையில் வேலை பார்ப்பவர்கள் மாடிக்கு வந்து பார்த்து வாயைப் பிளந்ததுதான் காரணம் என்று சொல்லி, ஓதி ஊதிய தண்ணீரைத் தெளித்தாள். ஒவ்வொரு தகரத்திலும் கரிக்கோடு போட்டாள். காதர் மாமா யாரோ சொன்னார்கள் என்று அடுப்புச் சாம்பல் கொண்டுவந்து கொட்டினார். அத்தா கீழிலைகளைக் கிள்ளினார். தகரங்களை நகர்த்தி வைத்தார். மஃரிபுக்கு ஒரு "தோங்" போதவில்லை என்று இரண்டு கேட்டார். பகலெல்லாம் காய்ந்ததற்கு ஈடாக இரவில் இன்னும் அதிகம் ஊற்றினோம். கறுப்பு நிற்கவில்லை.

ஒரு நாள் காதர் மாமா, பாதியாவது மிஞ்சும், வெட்டிவிட்டுச் சமைக்கலாமே என்று தேற்றினார். அத்தா ஒரு காயைக் காம்போடு பிடித்து அவருக்குக் காட்டினார். "மேல பாத்தா ஆளு நல்லாத்தான் இருக்கான் லா, காதரு. திருப்பிப் பாரு." பிறகு தன் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் மாற்றி வைத்துக்கொண்டார். காதர் மாமா அன்று கஞ்சியை வைத்துவிட்டு, உட்காராமல் போய்விட்டார்.

அதிலிருந்து அத்தா சஹருக்கும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைவார், இரண்டு வாயோடு கையைக் கழுவுவார். அம்மா இரவு மாத்திரையையாவது கொடுத்துவிடுவாள். பகல் மாத்திரைகள் உறைகளில் அப்படியே கிடந்தன. அம்மா சமையலிடத்தில் அரிசி டின்னின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, "நான் யாருக்கிட்ட போயி அழுவேன்" என்று மெல்லச் சொன்னதை நான் கேட்டேன். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

ஒரு மதியம் பள்ளிக்கூடம் விட்டு வந்து படியேறும்போதே மேலே அம்மா கத்துவது கேட்டது. அத்தா தகரங்களுக்கு நடுவே, கொதிக்கிற சிமெண்டில் கன்னத்தை வைத்து விழுந்து கிடந்தார். துணிக்கடைக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அந்தக் குறுகலான படியில் அவரை இறக்குவதற்குள் அவருடைய ஒரு செருப்பு விழுந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு நான் தெருமுனை வரை ஓடினேன், டாக்சி போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றினார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் பேச்சு போகலாம், உயிரும் போகலாம் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். சில நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நீண்ட அறையின் சன்னலோரம் மெத்தை போட்டோம். வந்த அன்றே அத்தா கேட்டது, "சஹருக்கு எழுப்புவியா, மாட்டியா?" என்றுதான். அம்மா மணியடிக்கும் கடிகாரத்தை ஒளித்து வைத்தாள். அவர் கடிகாரம் இல்லாமலே எழுந்தார். மாத்திரையை நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். செடிகளைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நாங்களும் சொல்லவில்லை.

செடிகளைப் பார்க்க அவருக்குக் கால் வராது, அம்மாவுக்கு மனம் வரவில்லை. கறுத்த காய்களையெல்லாம் கண்ணில் படாமல் போகட்டும் என்று கிள்ளிக் குப்பையில் போட்டிருந்தாள். ஆனால் உயிருள்ளதைக் காயவிடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர், தொழுகைக்கு ஒளு செய்து வாளியில் மிஞ்சிய தண்ணீர், எது கையில் இருந்ததோ அதைப் போகிற போக்கில் தகரங்களில் ஊற்றிவிட்டு வருவாள். துணி காயப்போடப் போனால் ஒரு குவளை, எடுக்கப் போனால் ஒரு குவளை. நோன்பு திறக்கும் நேரத்தில் அவள் அந்தப் பக்கம் போவதே இல்லை. அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

நோன்பின் கடைசிப் பத்து தொடங்கியிருந்தது. ஒரு மதியம் அம்மா மொட்டைமாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குரல் சரியாக இல்லை. போனேன். காய்ந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு செடிக்கு முன் குந்தியிருந்தாள். இலைகளுக்கு அடியில் புதிதாகப் பிடித்த காய்கள், கோழிமுட்டையை விடச் சிறியவை, கரும்பச்சையாகத் தொங்கின.

"இதக் கொஞ்சம் திருப்பிப் பாரு," என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

நான் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பினேன். அடி பச்சையாக இருந்தது. நுனியில் பூ உதிர்ந்த தழும்பு மட்டும் ஒரு புள்ளியாக இருந்தது. அடுத்ததைத் திருப்பினேன். அடுத்ததையும். அம்மா என் கையைத் தள்ளிவிட்டு, மீதியெல்லாவற்றையும் தானே திருப்பினாள். ஒரு தகரத்திலிருந்து அடுத்ததற்கு முழங்காலாலேயே நகர்ந்து போனாள். எல்லாம் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தகரங்களையும், பக்கத்தில் காலியாக இருந்த குவளையையும், மேலே வெயிலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பச்சைக் காயை வெடுக்கென்று பறித்தாள். பிஞ்சைப் பறிக்காதே என்று என்னைத் திட்டுகிறவள் அவள்.

அத்தா கண்ணை மூடிப் படுத்திருந்தார். அம்மா அந்தக் காயை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். கேட்காமலேயே கட்டைவிரலால் உருட்டி அடிப்பக்கத்தைத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"என்னா போட்ட?"

"ஒண்ணும் போடல. தண்ணிதான்."

"எப்ப?"

"எப்பல்லாம் வாடுதோ அப்ப. காலையில, மத்தியானம் லுஹருக்கு, அசருக்கு." அம்மா தோளில் கிடந்த துணிகளை இறக்கி வைத்தாள். "ஒங்களக் கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க. அதான் கேக்கல. அதுக்கெல்லாம் நோன்பு கெடையாதுங்க. யாரு அதக் காயச் சொன்னா?"

தெருவில் பேருந்து போகிற சத்தம் வந்து அடங்கியது. அத்தா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் அசைவதைப் பார்த்து அம்மா என்னை வெளியே போகச் சொன்னாள். நான் வாசற்படி வரை போய் நின்றேன். சற்று நேரம் கழித்து அவர் குரல் கேட்டது.

"அந்த மாத்திரைய எங்க வச்ச?"

பகல் வெளிச்சத்தில் அவர் தண்ணீர் குடிக்கும் சத்தத்தை நான் வாசலில் நின்று கேட்டேன். அன்று அசருக்குப் பிறகு கஞ்சியோடு வந்த காதர் மாமாவிடம் அத்தா, "மொதலாளிக்கிட்ட சொல்லிடு காதரு. வேற ஆளப் பாக்கட்டும்" என்றார். காதர் மாமா ஏதாவது கேலியாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அத்தாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெருநாளன்று சிவந்திருந்தவை மூன்றே மூன்று பழங்கள். அம்மா அவற்றை வெங்காயத்தோடு அரிந்து பச்சடி செய்தாள். அத்தா இடது கையால் எடுத்து ருசி பார்த்துவிட்டு, "உப்புப் பத்தல" என்றார். அதற்கப்புறம் அவர் இன்னும் ஒரு நோன்பு மாதம் இருந்தார். அந்த மாதம் முழுவதும் பகலில் மாத்திரை போடும்போது, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டுதான் தண்ணீர் குடித்தார். அடுத்த நோன்புக்கு அவர் இல்லை.

காய் பருக்கிற நாட்களில் வேர் ஒரேயடியாகக் காய்ந்து ஒரேயடியாக நனைந்தால், மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேராது, அதனால்தான் அடி கறுக்கிறது என்று பெரியவளான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இதை அத்தாவிடம் சொல்ல வழியில்லை. அந்தக் கடைவீடு இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. சென்ற வருடம் பின்சந்து வழியாகப் போய் அண்ணாந்து பார்த்தேன், மொட்டைமாடியில் ஏசி எந்திரங்களின் வெளிப்பெட்டிகள் வரிசையாக நின்று வெப்பத்தை ஊதிக்கொண்டிருந்தன. அத்தா சமைத்த கடையில் பழைய விறகடுப்பு இல்லை. காதர் மாமா இல்லை. அம்மா போயும் ஆறு வருடமாகிறது. எண்ணெய்கூட இப்போது தகரத்தில் வருவதில்லை. அந்த மாதத்தைப் பற்றிச் சேர்ந்து பேச எனக்கு ஆளில்லை.

காரணம் தெரிந்தவள்தான் நான். ஆனாலும் சஹருக்கு ஒரு முறை, மஃரிபுக்கு ஒரு முறை என்று, என் பால்கனிச் செடிகளைப் பத்து நாட்களாகப் பகலெல்லாம் வெயிலில் காயவிட்டிருந்தேன். நான் தனியாக இருப்பவள். பகலில் வீட்டில் யாரும் இல்லை. யாரிடமும் ஒன்று கேட்டு நிற்பது எனக்கு வராது. அன்றிரவு தராவீஹ் தொழுதுவிட்டுக் கறுத்த காய்களைக் கிள்ளி எடுத்தேன். கை கழுவியும் வாடை போகவில்லை.

மார்ச் 12, புதன்கிழமை. சஹருக்கு எழுந்ததும், அடுப்பைப் பற்ற வைப்பதற்கும் முன்னால், மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இருக்கும் மல்லிகா அக்கா காலையில் கீழே நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்பவர். அந்த நேரத்தில் விழித்திருப்பார், பத்து மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். கையில் சம்பால் கரண்டியோடு வந்து கதவைத் திறந்தார்.

"என்னா தங்கச்சி, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"அதெல்லாம் இல்லக்கா. என் செடிக்கு மத்தியானம் தண்ணி ஊத்த ஆள் வேணும்."

"இதுக்கா இப்படி மொகத்த வச்சுக்கிட்டு நிக்கிற? குடு லா."

சாவியை வாங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, வாழையிலைத் துண்டுகளை அடுக்கத் திரும்பினார். நான் வீட்டுக்குள் வந்து அரிசி களைந்தேன்.